பேத்தையும் பவளமும் ஒரே தொட்டியில்: மதுரை வெயிலில் வளர்ப்பவர்களுக்கு

கடல்நீர்ப் பவளத் தொட்டியில் பேத்தை மீன் (பயந்தால் ஊதும் பஃபர் மீன்) விடலாமா என்று கேட்டால், கடைக்காரர்களில் பாதிப் பேர் "விடவே கூடாது" என்பார்கள். மீதிப் பேர் "ஒண்ணும் பண்ணாதுண்ணே, கொண்டுபோங்க" என்பார்கள். எந்தப் பேத்தை, எந்தப் பவளம் என்று கேட்காமல் சொல்லும் பதில் எதுவானாலும் பாதிதான் சரி. இன்னொரு விஷயமும் உண்டு. இந்த மீன் இருக்கும் தொட்டிகளில் பவளம் கடிபட்டுச் சாவதைவிட, மீனுக்குப் போட்ட தீனியால் தண்ணீர் கெட்டு, அதன் மேல் சித்திரை வெயிலும் சேர்ந்து சாவதுதான் அதிகம். ஆகவே இங்கே வாயைப் பற்றிக் கொஞ்சமும், தீனி, தண்ணீர், சூடு பற்றி நிறையவும் இருக்கும்.

முதலில் மீன். ரீஃப் தொட்டிக்கு, அதாவது பவளம் வளர்க்கும் தொட்டிக்கு, யோசிக்கக்கூடியது டோபி என்று சொல்லப்படும் கான்திகாஸ்டர் இனங்கள் மட்டும்தான். அதிலும் வாலன்டினி டோபி நல்ல தேர்வு. வெள்ளை உடம்பு, முதுகிலிருந்து இறங்கும் நான்கு கறுப்புப் பட்டைகள், மேலெல்லாம் பழுப்புப் புள்ளிகள், மஞ்சள் வால். முழுதாக வளர்ந்தாலும் 11 சென்டிமீட்டரைத் தாண்டாது. இதே பட்டையும் இதே நிறமுமாக ஃபைல்ஃபிஷ் என்ற வேறொரு மீன் உண்டு. பேத்தையின் விஷத்துக்குப் பயந்து பெரிய மீன்கள் ஒதுங்குவதால், அது பேத்தை வேஷம் கட்டிப் பிழைக்கிறது. கடையில் இரண்டும் ஒரே பெயரில் விற்கப்படலாம். முதுகுத் துடுப்பு நீளமாக ஓடினால் ஃபைல்ஃபிஷ். குட்டையாகப் பின்னால் தள்ளி இருந்தால் பேத்தை.

டாக்ஃபேஸ் பேத்தையின் முகத்தைப் பார்த்ததும் யாருக்கும் மனசு இளகிவிடும். ஆனால் அது 33 சென்டிமீட்டர் வரை வளரும். நண்டு, நத்தை, இறால் எதையும் மிச்சம் வைக்காது. ஹீட்டர் வயரைக்கூடக் கடிக்கும். கினியாஃபவுல் பேத்தை 50 சென்டிமீட்டர் வரை போகும், பவளக் கிளையின் நுனியை ஒடித்துத் தின்பதே அதன் பிழைப்பு. முள் நிறைந்த போர்க்குபைன் வகைகளும் அப்படியே பெரிய உருப்படிகள். இவற்றுக்கு 600, 700 லிட்டரில் பவளம் இல்லாத தனித் தொட்டிதான் நியாயம். கேரள ஆறுகளிலிருந்து வரும் குட்டிப் பட்டாணிப் பேத்தை முழுக்க நன்னீர் மீன், அதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

டோபியையும் ஒன்றுதான் விட வேண்டும். இரண்டு ஆண் சேர்ந்தால் ஒன்று சாகும் வரை துரத்தும். மெதுவாக நீந்தும் மீன், நீளத் துடுப்புள்ள மீன் எதுவும் கூட இருக்கக் கூடாது. துடுப்பைக் கிள்ளிக்கொண்டே இருக்கும். க்ளவுன், டாம்சல், கார்டினல், ஃபாக்ஸ்ஃபேஸ் பரவாயில்லை.

பவளம் விஷயத்தில் நம் நாட்டுச் சட்டமே பாதித் தேர்வைச் செய்துவிடுகிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் 2001 முதல் கல் பவளங்கள் மொத்தமும் இருக்கின்றன. கறுப்புப் பவளம், ஆர்கன் பைப், ஃபயர் கோரல், கடல் விசிறி ஆகியவையும் அதில் அடக்கம். அக்ரோபோரா, ஹேமர், டார்ச், அகான் என்று ஆசையாகக் கேட்கப்படுவதெல்லாம் கல் பவளக் கணக்குதான். "இம்போர்ட் ஐட்டம் சார்" என்ற பேச்சை நம்பி வாங்க வேண்டாம். மண்டபம், கீழக்கரைப் பக்கம் தெரிந்தவர் இருக்கிறார், கல்லோடு கொண்டுவந்து தருவார் என்பது அதைவிட மோசம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு கல் எடுத்தாலும் குற்றம். செயற்கைப் பாறையும் பாட்டில் பாக்டீரியாவும் போதும். தொட்டி முதிர இரண்டு மாதம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

நல்ல வேளையாக, சட்டத்தில் சிக்காத சாஃப்ட் கோரல்கள் (கல் எலும்பு இல்லாத மென் பவளங்கள்)தான் பேத்தைக்கும் பிடிக்காதவை. லெதர் கோரல்களான சார்கோஃபைட்டனும் சினுலேரியாவும் உடம்பிலேயே கசப்பான டெர்பீன் வேதிப்பொருளை வைத்திருக்கின்றன. ஒரு முறை கடித்த மீன் மறுமுறை யோசிக்கும். டிஸ்கோசோமா, ரோடாக்டிஸ் மஷ்ரூம்களையும் பெரும்பாலும் விட்டுவிடும். கிரீன் ஸ்டார் பாலிப் மீனுக்கு மீன் மாறும். ஜோவாந்திட் வைப்பது சூதாட்டம்: சில டோபி ஒவ்வொரு மொட்டாகக் கிள்ளி எடுத்துவிடும். தவிர, ஜோவாந்திட் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய விஷம் உண்டு. அந்தக் கல்லைக் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் வெட்டக் கூடாது, வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்யவே கூடாது.

கடலில் வாலன்டினி தின்பது பெரும்பாலும் இழைப் பாசியும் பாறையில் ஒட்டி வாழும் சின்ன உயிர்களும். பவளமும் புழுவும் நத்தையும் கொஞ்சம் கொஞ்சம். நாள் முழுக்கப் பாறையைக் கொத்திக்கொண்டே திரியும் மீன் அது. அதனால் புதிதாக ஒட்டிய பவளத் துண்டை வந்து கொத்திப் பார்க்கும். அதன் குறி பவளம் அல்ல, துண்டு உட்கார்ந்திருக்கும் பிளக்கில் (சிறு அடிக்கட்டையில்) ஒட்டிய பாசியும் புழுவும். பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, துண்டை மட்டும் சுத்தமான சிறு கல்லில் ஒட்டினால் பாதித் தொல்லை தீரும். வரிசையும் முக்கியம். பவளங்கள் முதலில் வந்து, பாறையில் பிடித்து, இரண்டு மூன்று மாதம் விரிந்து நிற்க வேண்டும். டோபி கடைசியாக வர வேண்டும்.

லெதர் கோரல் வைத்தவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நேற்று வரை விரிந்து நின்ற சார்கோஃபைட்டன் இன்று மொட்டுகளை எல்லாம் உள்ளே இழுத்து, சுருங்கி, மங்கிப்போய் நிற்கும். உடனே பழி பேத்தை மேல் விழும். கண்ணாடிக்குப் பக்கத்தில் போய், விளக்கைச் சாய்த்துப் பாருங்கள். மேல்பரப்பு முழுக்க மெழுகு பூசியதுபோல் ஒரு பளபளப்பு, ஓரத்தில் மெல்லிய ஏடு உரிந்து தொங்கினால், பவளம் தோல் உரிக்கிறது. அதன் இயல்பு அது. சில நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரை அந்தப் பக்கம் லேசாகத் திருப்பி விட்டால் ஏடு கழன்று போய்விடும். கடிபட்ட பவளம் வேறு மாதிரி இருக்கும். குடை போன்ற மேல்பகுதியின் விளிம்பில் 3, 4 மில்லிமீட்டர் அளவில் சுத்தமான அரைவட்ட வெட்டு, அதைச் சுற்றி மட்டும் மொட்டுகள் மூடியிருக்கும், மற்ற பக்கம் விரிந்தே நிற்கும். வெட்டு ஒன்றிரண்டு என்றால் தானே ஆறிவிடும். தினம் புதிதாக ஒன்று வந்தால்தான் மீனைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இனி தண்ணீர். மதுரையில் போர்வெல் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) 1000-ஐத் தாண்டும் தெருக்கள் நிறைய. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரிலும் குளோரின் உண்டு. இரண்டையும் நேராகப் பயன்படுத்த முடியாது. ஆர்ஓ, அதற்குப் பின் மிச்ச உப்பையும் இழுக்கும் டிஐ ரெசின், கடைசியில் மீட்டரில் 0 காட்ட வேண்டும். வீட்டுக் குடிநீர் ஆர்ஓ-வையே எடுக்கலாமே என்று தோன்றும். எடுக்கலாம், ஆனால் அதில் மினரல் கார்ட்ரிட்ஜும் டிடிஎஸ் கண்ட்ரோலரும் இருக்கும். அவற்றுக்கு முன்னாலேயே குழாய் பிரித்து எடுக்க வேண்டும். இப்போது வரும் பல மாடல்களில் காப்பர் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து வருகிறது. நமக்கு நல்லது என்று போடும் அந்தச் செம்பு, முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு நஞ்சு. லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் சிறு பங்கே பவளத்தையும் இறாலையும் காலி செய்யும். அதே காரணத்தால் செம்புக் குடத்தில் பிடித்த தண்ணீரும் தொட்டிப் பக்கமே வரக் கூடாது.

அளவு: ஒரு டோபிக்கும் சாஃப்ட் கோரலுக்கும் 4 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் வசதியான தொட்டி. கன அடிக்கு 28.3 லிட்டர் கணக்கில் 340 லிட்டர், பாறை போக 300 சொச்சம். ஸ்டாண்டோடு சேர்த்து அரை டன்னைத் தொடும். மாடியில் வைப்பதானால் சுவரோரம், பீம் மேல் வையுங்கள். உப்புக்கு ரீஃப் சால்ட்தான், சமையல் கல் உப்பு ஆகாது. லிட்டருக்குச் சுமார் 37 கிராம் போட்டால் அடர்த்தி 1.025-க்கு வரும். ஒரு நாள் முழுக்கப் பம்ப் ஓடிக் கலந்த பிறகு உப்பளவு காட்டும் ரெஃப்ராக்டோமீட்டரில் பார்க்க வேண்டும். மீட்டரை வெறும் ஆர்ஓ தண்ணீரில் சரிசெய்வதைவிட 35 பிபிடி கரைசலில் சரிசெய்வது நம்பகமானது. காரத்தன்மை 8 முதல் 9 டிகேஎச், கால்சியம் 420, மெக்னீசியம் 1300-க்குச் சற்று மேல், நைட்ரேட் 5 முதல் 15 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1. சாஃப்ட் கோரல் கால்சியத்தை அதிகம் இழுக்காது, வாரம் 15 சதவீதம் தண்ணீர் மாற்றினாலே இவை தாங்கும். 45 லிட்டர் தண்ணீர், 1.7 கிலோ உப்பு. கால்சியம் போன்றவற்றை ஊட்டும் டோசிங் பம்ப் வாங்கும் காசை, கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரில் போடலாம்; தொட்டிக் கொள்ளளவைப்போல் இரு மடங்குக்கு உள்ளதாக எடுங்கள். லெதர் விடும் வேதிப்பொருளுக்காக ஆக்டிவேட்டட் கார்பன் எப்போதும் சம்பில் (தொட்டிக்கு அடியில் இருக்கும் வடிகட்டும் தொட்டியில்) இருக்கட்டும், மாதம் ஒரு முறை மாற்றவும்.

சூடுதான் நம் ஊர்ப் பிரச்சினை. மே மாதம் வெளியே 40 டிகிரி தொடும்போது, மாடி வீட்டில் தண்ணீர் 32-க்குப் போய்விடும். பவளத்துக்கு 25 முதல் 27 டிகிரி சுகம், 30-க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் வெளுக்கும். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவிலேயே சூட்டில் பவளங்கள் வெளுத்தன, தொட்டி எம்மாத்திரம்? நம்முடையது வறண்ட சூடு என்பதில் ஒரு லாபம் இருக்கிறது. தண்ணீர்ப் பரப்பின் மேல் இரண்டு சின்ன ஃபேன் சாய்வாக ஓடினால் 2 முதல் 3 டிகிரி இறங்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 0.67 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. வேலை செய்வது அதுதான். ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கும். தினம் நான்கைந்து லிட்டர் குறைந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். குறைந்த தண்ணீரைத் தானே நிரப்பும் ஆட்டோ டாப்-அப் இல்லாமல் ஃபேன் போடுவது ஒரு கஷ்டத்தைத் தீர்த்து இன்னொன்றை வாங்குவது. டாப்-அப் கேனில் உப்பு கலக்காத ஆர்ஓ தண்ணீர்தான் இருக்க வேண்டும். ஐப்பசி மழையில் காற்றில் ஈரம் ஏறியதும் ஃபேன் சோர்ந்துவிடும், அப்போது வெயிலும் இருக்காது என்பதால் சமாளிக்கலாம்.

அக்னி நட்சத்திரத்தில் ஃபேன் மட்டும் பத்தாத வீடுகளுக்குக் கால் ஹெச்பி சில்லர் வேண்டும். அதை அதே அறையில் வைத்தால் தொட்டிச் சூட்டை எடுத்து அறைக்குள்ளேயே கொட்டும். குழாயை நீட்டி பால்கனி நிழலிலோ பக்கத்து அறையிலோ வையுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலையில் தொடங்கி மாலை வரை நீளும். சில்லரை இன்வெர்ட்டரில் மாட்ட வேண்டாம். சம்பிலிருந்து தண்ணீரை மேலே தள்ளும் டிசி ரிட்டர்ன் பம்ப், வேவ்மேக்கர், ஃபேன் மூன்றும் சேர்ந்து 40, 50 வாட்தான், 150 ஏஹெச் பேட்டரியில் ஒரு பகல் தாராளமாக ஓடும். சுடு தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு என்பதால் நீரோட்டம் நின்றால் முதலில் திணறுவது மீன். வயர்களைப் பிவிசி குழாய்க்குள் விட்டு, லைனில் மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போட்டுவிடுங்கள். இந்த மீன் கடிக்காத பொருள் உலகில் இல்லை.

மீனைச் சென்னை கொளத்தூரிலிருந்து வரவழைக்கிறவர்கள் இரவுப் பயணத்தில் தெர்மோகோல் பெட்டியில் வரச் சொல்லுங்கள். கவர் இரட்டையாக இருக்க வேண்டும், ஒற்றைக் கவரை வழியிலேயே கடித்து ஓட்டை போட்டுவிடும். கிளம்புவதற்கு ஒரு நாள் முன்பே தீனியை நிறுத்தச் சொல்ல வேண்டும். கடையில் அது தின்பதைக் கண்ணால் பார்க்காமல், வீடியோவிலாவது பார்க்காமல், காசு கொடுக்காதீர்கள். வலையில் மாட்டி வந்த பேத்தையை மீனவர்களிடம் மலிவாக வாங்குவதும் வேண்டாம். இழுபட்டு, காற்றை விழுங்கி வந்த மீன் அதிகம் பிழைப்பதில்லை.

வந்ததும் மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பழக்குவது இங்கே கேடு. கவரைத் திறந்ததும் கார்பன் டைஆக்சைடு வெளியேறி பிஎச் ஏறும், அதுவரை சும்மா கிடந்த அம்மோனியா அப்போதுதான் விஷமாகும். கடைத் தண்ணீரின் அடர்த்தி பெரும்பாலும் 1.018 முதல் 1.020 வரைதான் இருக்கும். முன்கூட்டியே கேட்டு, புது மீனை முதலில் தனியாக வைக்கும் தனிமைத் தொட்டியின் தண்ணீரை அதே அடர்த்திக்குத் தயார் செய்து, சூட்டை மட்டும் கால் மணி நேரம் சமன் செய்துவிட்டு நேராக மாற்றிவிடலாம்.

தனிமைத் தொட்டி கட்டாயம். பேத்தைக்குச் செதில் கிடையாது. வெள்ளைப்புள்ளி நோய் சீக்கிரம் பிடிக்கும், செம்பு மருந்தையும் சரியாகத் தாங்காது. மருந்தே இல்லாத வழி, தொட்டி மாற்றும் முறை. நோய்க் கிருமி மீனிலிருந்து விழுந்து அடியில் முட்டை போல் ஒட்டிக்கொண்டு, பெருகி வெளிவர மூன்று நாளுக்கு மேல் எடுக்கும். அதற்குள் மீனை எடுத்துவிட்டால் கிருமி அங்கேயே நின்றுவிடும். 30 லிட்டர் பிளாஸ்டிக் டப் இரண்டு, ஏர் ஸ்டோன் இரண்டு, பிவிசி முழங்கைத் துண்டு இரண்டு. 72 மணி நேரம் தாண்டாமல் அடுத்த டப்புக்கு, மொத்தம் நான்கு மாற்றம். முதல் மூன்று மாற்றத்திலும் அடர்த்தியை 0.002 ஏற்றினால் 1.019-ல் வந்த மீன் முடிவில் 1.025-க்குத் தானே பழகியிருக்கும். காலியான டப்பையும் கல்லையும் பைப்பையும் கழுவி மொட்டை மாடியில் ஒரு நாள் காயவிட்டால் போதும். மதுரை வெயில் உதவும் ஒரே இடம் இது. பிறகு இரண்டு வாரம் பார்வையில் வைத்து, தின்றும் வயிறு ஒட்டியே இருந்தால் குடற்புழு என்று பிரசிகுவான்டெல் கொடுக்கலாம்: லிட்டருக்கு 2.5 மில்லிகிராம், ஒரு வாரம் கழித்து இன்னொரு தரம், காற்று பலமாக ஓட வேண்டும்.

மாற்றும்போது வலை வேண்டாம். தண்ணீருக்கு அடியிலேயே ஒரு மக்கில் மீனை நுழையவைத்து மக்கோடு தூக்குங்கள். வெளியே எடுத்தால் பயத்தில் காற்றை விழுங்கிவிடும், தண்ணீரை வெளியே விடுவதுபோல் காற்றை எளிதில் விடாது. அப்படி மிதந்தால் வாய் மேலே இருக்கும்படி தண்ணீருக்குள் மென்மையாகப் பிடித்திருக்க வேண்டும், பெரும்பாலும் தானே விட்டுவிடும். வீட்டுக்கு வருகிறவர்கள் "ஊதிக் காட்டச் சொல்லுங்க மாமா" என்று கண்ணாடியைத் தட்டுவார்கள். ஊதுவது அதற்கு உயிர்ப் பயம் என்று சொல்லி உட்கார வைத்துக் காப்பி கொடுத்துவிடுங்கள்.

தீனிக்குக் கரிமேட்டில் மீன் வாங்கும்போதே கொஞ்சம் கணவாய், ஓட்டோடு மட்டி, தோல் உரிக்காத இறால், சின்ன நண்டுக் கால் சேர்த்து வாங்கிவிடலாம். இறால் கறுக்காமல் இருக்கச் சல்பைட் போடும் வழக்கம் உண்டு, நன்றாக அலச வேண்டும். வெட்டி, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக ஃப்ரீசரில் ஒரு வாரமாவது வைத்துப் பிறகு கொடுங்கள். உருக்கிய பின் வரும் சாற்றை வடித்துக் கொட்டிவிட வேண்டும். அந்தச் சாற்றோடும் கொஞ்சம் பாஸ்பேட் தொட்டிக்குள் போகும். டோபிக்குத் தினம் ஒரு வேளை, அதன் கண் அளவில் மூன்று நான்கு துண்டு. கூடவே நோரித் தாளை (காய்ந்த கடற்பாசித் தாள்) கிளிப்பில் மாட்டி வையுங்கள். பாசி மேயும் மீனுக்கு அது இல்லாதபோதுதான் பவளப் பக்கம் வாய் போகிறது. வெறும் இறாலோ கிரில்லோ மாதக்கணக்கில் போட்டால் தயமின் சத்துக் குறைந்து வாய் இறுகிப்போகும், தீனியைப் பார்க்கும், திறக்க முடியாது. வாரம் இருமுறை விட்டமின் சொட்டில் ஊறவைத்துக் கொடுப்பது நல்லது.

போடும்போது ரிட்டர்ன் பம்பைப் பத்து நிமிடம் நிறுத்தி, இடுக்கியால் வாய்க்கு நேரே கொடுங்கள். பேத்தை பாதியைத் தின்று பாதியைச் செவுள் வழியாகத் தூளாக ஊதும். மிஞ்சியதை உடனே குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். நத்தை, துறவி நண்டு போன்ற துப்புரவுப் படையை இந்தத் தொட்டியில் நம்ப முடியாது, அவையும் தீனியாகிவிடும். சம்பில் கீட்டோ பாசி வளர்த்து, கண்ணாடியைக் கையால் துடைப்பதுதான் வழி.

பற்கள் வாழ்நாள் முழுக்க வளரும். மேலே இரண்டு, கீழே இரண்டு, நான்கும் சேர்ந்து ஒரு அலகு. வாரம் மூன்று முறை ஓடுள்ள தீனி கிடைத்தால் தானே தேயும். மென்மையானதையே போட்டால் மேலும் கீழும் ஒன்றையொன்று தாண்டி வளர்ந்து, தீனியைக் கவ்வ முடியாமல் நழுவ விடும். அந்த நிலைமைக்கு, மாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கலப்படமில்லாத கிராம்புத் தைலம். வெதுவெதுப்பான தொட்டித் தண்ணீர் உள்ள சிறு பாட்டிலில் இரண்டு சொட்டு விட்டுப் பால்போல் ஆகும் வரை குலுக்கி, இரண்டு லிட்டர் தொட்டித் தண்ணீரில் கலக்க வேண்டும். மூன்று நான்கு நிமிடத்தில் மீன் சாயும். சாயாவிட்டால் இன்னும் ஒரு சொட்டு, அதற்கு மேல் அவசரம் வேண்டாம். ஈரத் துணியில் பிடித்து, நகத்தோல் வெட்டும் கூரிய கட்டரால் நுனியை மட்டும் மில்லிமீட்டர் கணக்கில் வெட்டி, உடனே காற்று ஓடும் சுத்தமான தண்ணீரில் விடுங்கள். கண் முழுக்கச் செவுளில்தான் இருக்க வேண்டும். செவுள் அசைவு நின்றால் பல்லை விட்டுவிட்டு மீனைத் தண்ணீரில் போடுங்கள். முதல் முறை செய்கிறவர் பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவும் சரியாக இருந்தும் தினம் ஒரு கடி என்று பழகிவிட்ட மீன் திருந்தாது. அதைப் பிடிக்கப் பாறையைக் கலைக்க வேண்டியதில்லை. இரண்டு லிட்டர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, தலைகீழாகத் திருப்பி உள்ளே செருகி, மட்டித் துண்டு ஒன்றைப் போட்டு மணலில் படுக்க வையுங்கள். முந்தின நாள் பட்டினி போட்டிருந்தால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தானே நுழைந்துவிடும். கடையில் மாற்றிக்கொள்ளச் சம்மதிக்கிறார்களா என்று மீனை வாங்கும்போதே கேட்டுவையுங்கள்.